நான்காம் பதிவேட்டைத் தேடி

அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் பராமரிக்க வேண்டியவை என்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வகுத்த பதிவேடுகள் 11. குடும்ப விவரம், உணவுப் பொருள் இருப்பு, உணவு வழங்கல், கர்ப்பமும் பிரசவமும், தடுப்பூசி, வைட்டமின் ஏ, வீட்டுப் பார்வை, மேல்சிகிச்சைப் பரிந்துரை, மாதச் சுருக்கம், எடை எனப் பத்து. மிச்சமிருப்பது நான்காம் எண் பதிவேடு. அதன் பெயர் முன்பருவக் கல்வி. இந்தப் பதிவேடுகளில் பெரும்பகுதி இப்போது கைபேசிச் செயலிக்குள் போய்விட்டது. ஆனாலும் பத்துக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கு மாறவில்லை.

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் பட்டு நெசவாளர் வீடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு மையத்தில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை பார்க்கும் அம்மா கேட்டார்: "சார், அரிசி எங்கேருந்து வருது, முட்டை எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். இந்தப் புள்ளைங்களுக்குப் பாட்டும் கதையும் சொல்லித்தர்றதுக்குன்னு கவர்மென்ட்டு எந்தக் கணக்குல பணம் எழுதுது?"

நெசவுத் தெருவில் எல்லோரும் 'பால்வாடி' என்றும், அவரை 'டீச்சர்' என்றும்தான் சொல்கிறார்கள். அரசுத் தாள்களில் அவர் டீச்சர் இல்லை, 'பணியாளர்'. பாடம் நடக்கிறது, பிள்ளைகள் வருகிறார்கள், 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமும் இருக்கிறது. பணம் எந்தப் பெயரில் வருகிறது என்பதுதான் கேள்வி. அந்தப் பெயரைத் தேடிப் போன கதை இது.

தேட வேண்டிய முதல் இடம் அரசின் வரவு செலவுத் திட்டம். இந்தியாவில் எந்த மாநிலமானாலும் செலவுகள் நான்கு இலக்கக் கணக்குத் தலைப்புகளில்தான் பதிவாகின்றன. பொதுக் கல்விக்கு 2202. பள்ளி ஆசிரியர் சம்பளம், புத்தகம், கட்டடப் பராமரிப்பு எல்லாம் அதில் அடங்கும். மூன்று வயதுக் குழந்தையை 2202-இல் தேடினால் கிடைக்காது. அது 2235 என்ற சமூகப் பாதுகாப்பும் நலனும் என்ற தலைப்பில், 02-102 குழந்தை நலன் என்ற உள்தலைப்பில் இருக்கிறது. அதன் சாப்பாடு 2236 என்ற ஊட்டச்சத்துத் தலைப்பில், 02-101 சிறப்பு ஊட்டச்சத்துத் திட்டங்கள் என்ற வரியில் இருக்கிறது. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையை வைப்பவரும் சமூக நலத்துறை அமைச்சர்தான், பள்ளிக்கல்வி அமைச்சர் இல்லை.

ஆக, கல்வி என்ற பெயரில் இந்தக் குழந்தைக்குப் பணம் வரவில்லை. வேறு ஏதோ ஒரு பெயரில் வருகிறது. இது எப்போதிருந்து? ஏன்?

பழைய காலத்திலிருந்தே பார்க்கலாம் என்றால் காஞ்சிபுரம் அதற்குத் தோதான ஊர். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில், விசயநகர அமைச்சன் இருகப்பன் 1387-88-இல் கட்டுவித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில், தீர்த்தங்கரர் பிறந்ததும் இந்திரன் அந்தச் சிசுவை யானைமேல் ஏற்றி மேருமலைக்குக் கொண்டுபோய் நீராட்டுவதை வண்ணத்தில் தீட்டி வைத்திருக்கிறார்கள். கண்ணனின் பிள்ளைப் பிராயமும் அங்கே உண்டு. டி. என். இராமச்சந்திரன் 1934-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக எழுதிய நூலில் இந்த ஓவியங்களை ஒவ்வொன்றாக விவரித்திருக்கிறார். பிள்ளையைக் கொண்டாடுவதில் இந்த மண்ணுக்குக் குறைவே இல்லை.

பொதுப்பணம் பிள்ளைக்குப் போனதா என்பது வேறு. அந்தக் கோயிலருகே ஓடும் வேகவதி ஆறு, பாலாற்றோடும் செய்யாற்றோடும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்கே வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒரு கல்விச்சாலையின் செலவை ஆளாளுக்கு நெல் அளவில் எழுதி வைத்திருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. வேதம் படிப்பவர், இலக்கணம் படிப்பவர், கற்பிப்பவர், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து எடுத்துவருபவர் எனப் பட்டியல் நீள்கிறது. மாணவர் படுக்கப் பாயும், இரவில் எரிய விளக்கெண்ணெயும், சனிக்கிழமை முழுக்குக்கு எண்ணெயும் கூட அதில் உண்டு. தணிக்கையாளர் ஒருவர் இன்று படித்தாலும் குறை சொல்ல முடியாத கணக்கு. அந்தப் பட்டியலில் சிறு பிள்ளை இல்லை. நெய்கிறவன் வீட்டுப் பிள்ளை இருக்க வழியே இல்லை. கல்விக்குக் கொடை என்றால் வளர்ந்தவர்களின் கல்விக்கு என்பதுதான் அன்றைய புரிதல். அதற்குமேல் அந்தக் கல்லிடம் கேட்க எதுவும் இல்லை.

தடயம் உண்மையில் தொடங்குவது 1920-இல், சென்னை மாநகராட்சியில். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவர். நெசவுத் தொழில் செய்யும் தேவாங்கர் குலத்தில் பிறந்தவர். தாமே தறிகள் வைத்து நடத்தியவர். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில், ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு செய்து உணவு தர மாமன்றம் ஒப்புக்கொண்டது. திட்டம் இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளில் 1922-23-இல் 811 ஆக இருந்த சேர்க்கை 1924-25-இல் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டில் இரு மடங்குக்கும் மேல்.

பிறகு அது நின்றது. 1925 ஏப்ரல் 1. காரணம் பஞ்சமோ பணமின்மையோ அல்ல, கணக்குத் தலைப்பு. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று அரசு மறுத்துவிட்டது. கல்வி நிதி கல்விக்கு மட்டுமாம், சோறு கல்வி ஆகாதாம். அதே மாதம் 28ஆம் தேதி தியாகராயர் காலமானார். 1927-இல் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று சிறிய அளவில் திட்டம் மீண்டும் உயிர் பெற்றது உண்மைதான். ஆனால் அந்த மறுப்பு இட்ட கோடு அழியவில்லை. சோறு ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம். வயிற்றையும் தலையையும் தனித்தனிப் பேரேட்டில் எழுதும் பழக்கம் இங்கிருந்து தொடங்குகிறது என்றே நான் கருதுகிறேன். நூறாண்டுக்குப் பிறகும் நாம் அதற்குள்தான் இருக்கிறோம்.

அடுத்த தாள் 1944. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கல்வி வளர்ச்சிக்காக ஜான் சார்ஜென்ட் பெயரில் வந்த அறிக்கை. மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு இலவச முன்பள்ளி வேண்டும், நாடு முழுவதும் 10 லட்சம் இடங்கள் வேண்டும் என்று அது கணக்கிட்டது. ஆங்கிலேய அரசின் அறிக்கையே இதை இந்தியாவுக்குப் பரிந்துரைத்தது வியப்புதான். 1939-இல் அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி, போர்க்காலத்தில் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்துக் கொண்டிருந்த காலம் அது. பேச்சு பரவியிருந்தது. பரிந்துரை காகிதத்தோடு நின்றது.

இந்தத் தேடலில் என்னை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொண்ட தாள் அதற்கு அடுத்தது. அரசியல் நிர்ணய சபையின் 1948 நவம்பர் 23ஆம் நாள் நடவடிக்கைக் குறிப்பு. வரைவின் 36ஆவது உறுப்பு விவாதத்துக்கு வருகிறது. ஒவ்வொரு குடிமகனுக்கும் இலவசத் தொடக்கக் கல்விக்கு உரிமை உண்டு என்று வரைவு தொடங்கியது. அந்தப் பகுதியை எடுத்துவிட வேண்டும் என்று லட்சுமி காந்த மைத்ரா திருத்தம் கொண்டுவருகிறார். இது வழிகாட்டும் கோட்பாடுகள் அடங்கிய பகுதி, இங்கே உரிமை என்று எழுதுவது பொருந்தாது என்பது அவர் வாதம். அம்பேத்கர் அதை ஏற்கிறார். உரிமை அங்கேயே உதிர்ந்தது.

நசிருதீன் அகமது இன்னொரு திருத்தம் கொண்டுவருகிறார். 'கல்வி' என்பதைத் 'தொடக்கக் கல்வி' என்று சுருக்க வேண்டுமாம். அம்பேத்கர் இதற்கு இடம் தரவில்லை. 14 வயதுக்குக் கீழான குழந்தைகளை வேலைக்கு வைப்பதை வேறொரு உறுப்பு தடுக்கிறது, வேலைக்குப் போகாத பிள்ளை ஏதாவது ஒரு கல்விச்சாலையில் இருந்தாக வேண்டும் அல்லவா, ஆகவே இந்த உறுப்பு தொடக்கக் கல்வியோடு நிற்க முடியாது என்பது அவர் பதிலின் சாரம். குழந்தை உழைப்பும் குழந்தைக் கல்வியும் ஒரே நூலின் இரு முனைகள் என்பதை அவர் சபையில் வைத்தே சொல்லிவிட்டார். வேலைத் தடை 24ஆவது உறுப்பு ஆயிற்று. கல்வி 45ஆவது உறுப்பு ஆயிற்று. பத்தாண்டுக்குள் 14 வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது அது.

மேல் எல்லை 14. கீழ் எல்லை எங்கே? எழுதப்படவே இல்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின்படி மூன்று வயதுக் குழந்தை 'எல்லாக் குழந்தைகளுக்கும்' என்பதற்குள் அடக்கம். இது கைக்குக் கிடைத்ததும் தேடலின் கேள்வியே புரண்டுவிட்டது. மூன்று வயதுப் பிள்ளை கல்விக்குள் எப்போது வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தவன், எப்போது வெளியே போனது என்று கேட்க வேண்டியதாயிற்று.

அதற்குள் தறிக்கு ஒருமுறை போய்வர வேண்டும். ஏனென்றால் அம்பேத்கரின் அந்தக் கணக்கு காஞ்சிபுரத்தில்தான் உடைந்தது.

காஞ்சிப் பட்டுச் சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால் அது கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா. குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளரின் கை சேலையின் இரு பக்கமும் எட்டாது. ஆகவே பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டு வாங்க வேண்டும். ஊடை என்னும் குறுக்கிழை ஒவ்வொன்றுக்கும் இதேதான், சேலை முழுவதும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் இடத்தில் துளி இடைவெளி விழுந்தாலும் சேலை தேறாது. வேலைக்கு வலு வேண்டாம், பொறுமை வேண்டும், விரல் சிறியதாக இருந்தால் இன்னும் வசதி. அந்த இடத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக வேறொருவர் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளும் உண்டு. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 1996-இலும் 2003-இலும் வெளியிட்ட கொத்தடிமைக் குழந்தைகள் பற்றிய இரு அறிக்கைகளிலும் காஞ்சிபுரம் இருக்கிறது.

1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடைப் பட்டியலில் வைத்தது. கூடவே, குடும்பத்தாரின் உதவியோடு நடத்தும் பட்டறைக்குத் தடை பொருந்தாது என்று விலக்கும் அளித்தது. தறி வீட்டுக்குள் இருந்தது, சட்டம் வாசற்படியோடு நின்றது.

தறியில் உட்கார்ந்த பிள்ளையைப் பற்றி அறிக்கைகள் பேசுகின்றன. தறியில் உட்காராமலேயே பள்ளியை இழந்த பிள்ளையைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை. அப்பா நெய்கிறார். அம்மா தார் சுற்றுகிறாள், பாவுக்கு உதவுகிறாள், சமைக்கிறாள். கைக்குழந்தைக்கு அடுத்த மூன்று வயது வாண்டு குழித்தறிக்குப் பக்கத்தில் தவழ்ந்தால் நூலும் அறும், பிள்ளைக்கும் அடிபடும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எட்டு வயது அக்கா. காஞ்சிபுரத்து நெசவு வீடுகளில் அறுபதைக் கடந்த பெண்களிடம் எந்த வகுப்போடு படிப்பு நின்றது, ஏன் நின்றது என்று கேட்டுப் பார்த்தால், தம்பியையோ தங்கையையோ இடுப்பில் வைத்திருந்ததைத்தான் முதலில் சொல்கிறார்கள். முன்பருவக் கல்விக்குச் செலவிடும் பணம் ஒரு பிள்ளைக்கான செலவு மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று வயதுக்கு ஒரு பாதுகாப்பான அறை கிடைத்தால் எட்டு வயது பள்ளிக்குப் போகிறது.

காமராசர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்த கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு, காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். 1957 நவம்பர் முதல் ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு அரசு ஆறு காசு தந்தது, ஊர்மக்கள் நான்கு காசு சேர்த்தார்கள். 1925-இல் துரத்தப்பட்ட சோறு கல்வித்துறையின் கையாலேயே திரும்பி வந்தது பெரிய திருப்பம். ஆனாலும் அந்தச் சோறு பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருந்த பிள்ளைக்குத்தான். ஐந்து வயதுக்குக் கீழே தட்டு நீளவில்லை. சின்னதுகளுக்கென்று இருந்தவை, 1953-இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் அமைந்த மத்திய சமூக நல வாரியத்தின் உதவியில் மகளிர் அமைப்புகள் அங்கங்கே நடத்திய பால்வாடிகள். அந்தப் பெயர்தான் இன்றும் நெசவுத் தெருவில் வழங்குகிறது.

மீனா சுவாமிநாதன் தலைமையில் கல்வி அமைச்சகம் அமைத்த ஆய்வுக் குழு 1972-இல் அறிக்கை தந்தது. பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தையின் உணவையும் உடல்நலத்தையும் கற்றலையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது அதன் அடிப்படை. கல்வி அமைச்சகமே கேட்டு வாங்கிய அறிக்கை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாண்டு கழித்து, 1975 அக்டோபர் 2 அன்று, 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது அதை ஏற்றது சமூக நலத்துறை. ஆறு சேவைகள்: துணை உணவு, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, மேல்சிகிச்சைப் பரிந்துரை, தாய்மாருக்குச் சத்துணவு அறிவு, ஆறாவதாக முறைசாரா முன்பருவக் கல்வி. கடைசி இடம். அதற்கும் 'முறைசாரா' என்ற அடைமொழி. 2006-இல் மகளிர், குழந்தை மேம்பாட்டுக்குத் தனி அமைச்சகமே வந்தபோது கல்வி அமைச்சகத்தோடு இருந்த கடைசித் தொடர்பும் அறுந்தது.

தமிழ்நாடு தன் வழியில் போனது. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. காஞ்சிபுரம் அன்று சேர்ந்திருந்த செங்கல்பட்டு மாவட்டமும் அதன் முதற்கட்ட ஆறு மாவட்டங்களில் ஒன்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை தருவது, எடை ஏறியதும் நிறுத்துவது. துல்லியமான திட்டம். ஆனால் மூன்று வயது முடிந்த அன்றைக்குப் பிள்ளை அதன் கணக்கிலிருந்து விழுந்துவிடும். அதைத் தாங்கிப் பிடித்தது 1982 ஜூலை 1.

எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் என்றாலே பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். அந்த அறிவிப்பின் வயது வரம்பைப் பாருங்கள்: இரண்டு வயது முடிந்த குழந்தையிலிருந்து தொடங்குகிறது. முதலில் கிராமங்களுக்கு, செப்டம்பர் 15 முதல் நகரங்களுக்கும். பள்ளியில் இல்லாத பிள்ளைக்குச் சோறு போட ஓர் இடம் வேண்டும், சமைக்க, பார்த்துக்கொள்ள ஆட்கள் வேண்டும். ஆகவே ஊர்தோறும் குழந்தைகள் மையம் முளைத்தது. கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் வேலையில் முன்னுரிமை தரப்பட்டது. வீண் செலவு என்றும் வாக்குக்கான திட்டம் என்றும் பொருளாதார அறிஞர்கள் பலர் கடிந்துகொண்டார்கள். அவர்கள் பார்த்தது அரிசியின் விலையை. அரிசியோடு கூட வந்தது ஒரு கூரை, ஒரு பெண்ணின் நாள் முழுவதுமான கவனம், தெருவில் உள்ள மூன்று வயதுப் பிள்ளைகள் எல்லாம் சாதி பாராமல் ஒரே பாயில் உட்காரும் வழக்கம். முன்பருவக் கல்விக்காகத் தமிழ்நாடு செய்த மிகப் பெரிய முதலீடு இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அந்த ஆணை கல்வியைக் குறிவைத்ததல்ல, பசியைக் குறிவைத்தது. 1925-இல் கல்வி நிதிக்குள் சோற்றை விட மறுத்தார்கள். 1982-இல் சோற்றின் நிதிக்குள் கல்வி ஓசைப்படாமல் நுழைந்துகொண்டது.

அதன் பலன் கால் நூற்றாண்டு கழித்து எண்ணாக வந்தது. 2006-இல் ஆறு மாநிலங்களின் அங்கன்வாடிகளை ஆராய்ந்த ஃபோகஸ் அறிக்கையில், தமிழ்நாட்டு மையங்கள் நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் திறந்திருந்தன. வட மாநிலங்களில் ஏறக்குறைய அதில் பாதி. ஆறு மணி நேரம் என்பது தறியில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் காஞ்சிபுரத்துக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

சரி, மூன்று வயதுப் பிள்ளை கல்வி உரிமையிலிருந்து எப்போது வெளியே போனது? இதற்குத் துல்லியமான விடை உண்டு. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 14 வயது வரை இலவசக் கல்வி அடிப்படை உரிமை என்றது. அந்தத் தீர்ப்பு 45ஆவது உறுப்பைத்தான் சாய்ந்து நின்றது. அந்த உறுப்புக்கோ கீழ் எல்லை கிடையாது. அதாவது 1993-இல் மூன்று வயதுப் பிள்ளைக்கும் கதவு திறந்துதான் இருந்தது. 2002-இல் 86ஆவது திருத்தம் வந்தது. 21-ஏ என்ற புதிய உறுப்பு ஆறு முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. ஆறுக்குக் கீழே உள்ளவர்களைத் திருத்தி எழுதிய 45ஆவது உறுப்புக்கு மாற்றியது. அரசு முயல வேண்டும் என்ற அளவோடு அது முடிந்தது. நாடு கொண்டாடிய அதே திருத்தத்தில் கோடிக்கணக்கான சிறு பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2009-இன் கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு முன்பள்ளிக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. செய்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை.

இன்னொரு நூலைப் பிடித்துப் பாருங்கள். 2001-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) தொடுத்த உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நவம்பர் 28 அன்று அங்கன்வாடி உணவை எல்லாக் குழந்தைகளுக்கும் தரச் சொன்னது. 2006 டிசம்பரில் 14 லட்சம் மையங்கள் வேண்டும் என்றது. 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியே உணவைச் சட்ட உரிமை ஆக்கிவிட்டது. ஆகவே இன்றைய நிலை இது: திருப்பருத்திக்குன்றத்து மூன்று வயதுப் பிள்ளைக்குச் சோறு மறுக்கப்பட்டால் வழக்குப் போடலாம். கதையும் பாட்டும் எண்ணும் எழுத்தும் மறுக்கப்பட்டால் வழக்குப் போட இடமில்லை. அந்தப் பணியாளர் அம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. பாட்டுக்கென்று கணக்கு இல்லை, அம்மா. சோற்றுக் கணக்கும் நலக் கணக்கும் உங்கள் பாட்டைச் சுமக்கின்றன.

கல்வித்துறை இந்தப் பக்கம் வர ஒருமுறை முயன்றது. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. உபரி இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். முன்பருவக் கல்விக்கெனப் பயிற்சி பெறாதவர்களை அனுப்பியதில் அவர்களுக்கும் மனத்தாங்கல், பலன் கிடைப்பதும் கடினம். 2022-இல் அவர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திருப்பி அழைத்தார்கள். வகுப்புகள் மூடப்படும் என்ற பேச்சு எழுந்து, எதிர்ப்பு வந்து, மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் சிறப்பாசிரியர்களை வைத்துத் தொடர்வது என்று முடிவாயிற்று. 5,000 ரூபாய். மூன்று வயதுப் பிள்ளையின் முதல் ஆசிரியருக்கு அரசு போட்ட விலை அது.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கானது. ஒரே வளாகத்தில் அக்காவுக்குக் காலைச் சிற்றுண்டி உண்டு, சுவருக்கு இந்தப் பக்கம் பால்வாடியில் இருக்கும் தம்பி அந்தத் திட்டத்தில் இல்லை. இங்கேயும் அதே பழைய கோடுதான், இந்தமுறை திசை மாறி.

முன்பருவக் கல்வியில் போட்ட பணம் பல மடங்காகத் திரும்பும் என்று சொல்ல எல்லோரும் அமெரிக்காவின் பெர்ரி முன்பள்ளி ஆய்வைக் காட்டுவார்கள். 1962-இல் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய அந்த ஆய்வில் இருந்தவர்கள் 123 பிள்ளைகள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அலெஹாந்த்ரோ கனிமியான், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் தமிழ்நாட்டின் 320 அங்கன்வாடிகளில் செய்த ஆய்வு 2024-இல் வெளியானது. குலுக்கல் முறையில் தேர்ந்த பாதி மையங்களுக்கு, அரை நாள் வேலைக்கு ஒருவரைக் கூடுதலாக அனுப்பினார்கள், முன்பருவக் கல்விக்காக மட்டும். அங்கே பாடம் நடக்கும் நேரம் இரட்டித்தது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு நேரம் கிடைத்ததால் ஊட்டச்சத்துப் பணியும் மேம்பட்டு, வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் விகிதம் குறைந்தது. எதிர்கால வருமானத்தைக் கணக்கிட்டால் செலவைப் போல் 13 முதல் 21 மடங்கு பலன் என்பது அவர்கள் மதிப்பீடு. சோறும் பாடமும் எதிரெதிர் இல்லை, ஆள் ஒருவர் கூடினால் இரண்டும் கூடும் என்பதை நம்முடைய பால்வாடியே காட்டிவிட்டது.

அந்த ஒரு ஆளுக்கு என்ன ஆகும்? தமிழ்நாட்டில் குறுமையங்களும் சேர்த்து 54,439 அங்கன்வாடிகள். மையத்துக்கு ஒருவர், மாதம் 5,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 327 கோடி ரூபாய். அந்த ஊதியம் போதாது, இரட்டிப்பாக்குங்கள், 653 கோடி. 2024-25-இல் பள்ளிக்கல்வித் துறைக்கு ஒதுக்கிய தொகை 44,042 கோடி ரூபாய். அதில் இது ஒன்றரை விழுக்காடு. மத்திய அரசின் பங்கைக் கேட்டு வாதாடவும் இடமுண்டு, ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டிய அளவுக்கு இது பெரிய தொகை இல்லை. 1920-இல் ஒரு மாநகராட்சி மாமன்றம் யாருக்கும் காத்திராமல்தான் ஓரணாவை ஒதுக்கியது.

பணத்தைவிடக் கடினமானது அதை எங்கே எழுதுவது என்பதுதான். சமூக நலத்துறையின் 2235-இல் எழுதினால் அது இன்னொரு நலத்திட்டப் பணியிடமாகிவிடும், பதினோராம் பதிவேட்டின் எடைக் கணக்குக்கு உதவியாளாகக் கரைந்துபோகும். 2202 பொதுக் கல்வியில், முன்பருவக் கல்விக்கென்று தனி உள்தலைப்பில் எழுத வேண்டும். பணியிடத்துக்கு ஆசிரியர் என்று பெயர் வைக்க வேண்டும். அதற்கான கல்வித் தகுதியை வகுக்க வேண்டும். மையத்தையும் சமையலையும் எடை போடுவதையும் இப்போது இருக்கும் துறையே பார்த்துக்கொள்ளட்டும், அதை அது நன்றாகவே செய்கிறது. இரண்டு துறை ஒரே அறையில் எப்படி வேலை செய்யும் என்று செயலகத்தில் கேட்பார்கள். கல்வித்துறை நடத்தும் பள்ளிகளில் சமூக நலத்துறையின் சத்துணவுக் கூடம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கான அரசாணைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். புதிய ஆணையை எழுதுகிறவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அந்தக் கட்டைத்தான்.